கதிர்வீச்சுப் பணியும் புற்றுநோயும்

எக்ஸ்ரே அறையில் பணிபுரிபவரின் சட்டையில் சிறிய பேட்ஜ் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் அது. "இந்தக் கொஞ்சம் கதிர் என்ன செய்துவிடும்?" என்று அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு வேலை பார்ப்பவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இக்கட்டுரை.

எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதையடுத்து எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கிளாரன்ஸ் டாலி என்ற உதவியாளர், கதிர்க் குழாய்களைத் தம் கைகளை வைத்தே சோதித்துவந்தார். கைகளில் புண்கள் தோன்றின, பிறகு புற்றுநோய். கைகளை அகற்றியும் பயனின்றி 1904இல் இறந்தார். எடிசன் அந்த ஆராய்ச்சியையே கைவிட்டார்.

பெரிய அளவின் தீங்கு அன்றே புரிந்தது. சிறுகச் சிறுகச் சேரும் அளவு என்ன செய்யும்? பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் அணுத்துறைத் தொழிலாளர் சுமார் 3,10,000 பேரைப் பற்றிய ஆய்வு முடிவு 2023இல் வெளியானது. அதன்படி, 100 மில்லிசீவர்ட் சேர்ந்தால், இரத்தப் புற்று போன்றவை நீங்கலான புற்றுநோய்களால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம் கூடுகிறது. அதாவது, 20 பேர் இறக்கக்கூடிய இடத்தில் 21 பேர். அந்த ஒருவர் யார் என்று எந்த மருத்துவராலும் சுட்டிக்காட்ட இயலாது.

நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு விதித்துள்ள வரம்பும் 5 ஆண்டுகளுக்கு 100 மில்லிசீவர்ட்தான். எந்த ஓராண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது. பெரும்பாலோருக்குச் சேர்வது இதைவிட மிகக் குறைவே. ஆனாலும் வரம்புக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளன்று. வரம்பு இருக்கிறதே என்று அதுவரை வாங்கிக்கொள்ளவும் கூடாது.

காத்துக்கொள்ள வழிகள் மூன்று:

1. கதிர் அருகே இருக்கும் நேரத்தைக் குறைத்தல்.
2. விலகி நிற்றல். தூரம் இரு மடங்கானால் கதிரின் அளவு ஏறக்குறைய கால் பங்காகும்.
3. ஈய மேலங்கி, தடுப்புச் சுவர் ஆகியவற்றைப் பயன்படுத்தல்.

பேட்ஜ் கதிரைத் தடுக்காது. கணக்கு மட்டுமே வைக்கும். மேலங்கிக்கு உள்ளே, மார்பளவில் அதை அணிய வேண்டும். அதன் அளவு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் ஏறுகிறது. புற்றுநோய் வெளிப்படப் பத்து, இருபது ஆண்டுகள்கூட ஆகலாம். அன்று தொழிலாளிக்குச் சாட்சி சொல்ல இருப்பது அந்தக் கணக்குதான். டிராயரில் கிடந்த பேட்ஜ் என்ன சாட்சி சொல்லும்?

உங்கள் வீட்டில் இத்தகைய பணிக்குச் செல்பவர் இருந்தால், இன்றே கேளுங்கள்: "பேட்ஜ் போட்டுக்கொள்கிறாயா?" அச்சம் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்.