மாவுக்கட்டு அவிழ்ந்த பிறகு

கேள்வி: உள்வளைந்த பாதத்துடன் பிறந்த என் மகனுக்கு மாவுக்கட்டுகள் போட்டு, குதிகால் தசைநாணில் சிறு அறுவையும் செய்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் போல் அவன் ஓடுவானா?
— ஒரு தாயார், உல்லாஸ்நகர்

பதில்: ஓடுவான், அம்மா, பெரும்பாலான குழந்தைகள் ஓடுகிறார்கள். வாரந்தோறும் கட்டை மாற்றிப் பாதத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பும் இம்முறையை வகுத்தவர் இக்னாசியோ பொன்செட்டி என்ற வைத்திய நிபுணர். இதில் அறுவை அற்பமே. அதன்பின் பெற்றோர் காட்டும் சிரத்தையே பிரதானம். கம்பி இணைத்த காலணிகளை முதல் 3 மாதம் ஏறக்குறைய நாள் முழுவதும், பிறகு 4 வயதுவரை உறங்கும் வேளைகளிலும் அணிவிக்க வேண்டும்; குழந்தை எவ்வளவு அழுதாலும் மனமிரங்கிக் கழற்றிவிடலாகாது. கழற்றினால் பாதம் மீண்டும் வளையக்கூடும்.

தங்கள் ஊருக்கு அருகிலுள்ள மும்பையில் இத்தகைய குழந்தைகளுக்கு வழி திறந்தவரும் ஒரு தாயாரே. போலியோ பீடித்த தம் புதல்விக்குச் சிகிச்சை தேடிச் சென்னையில் எலும்பு வைத்தியரான டாக்டர் கினியை அடைந்த பாத்திமா இஸ்மாயில் அம்மையார், அந்தப் பாக்கியம் ஏழைக் குழந்தைகளுக்கும் கிட்டவேண்டுமென்ற கருணையால் 1947-இல் ஒரு சங்கத்தை ஸ்தாபித்தார். அதன் முயற்சியால் ஹாஜி அலியில் குழந்தைகளுக்கான எலும்பு வைத்தியசாலை எழுந்தது. 1958-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

ரயில் நெரிசலை எண்ணி, வைத்தியர் குறித்த ஒரு தவணையையும் தவறவிடாதீர்கள்.