விளையாட்டில் உயிர் போனால்...



மாலையில் மைதானத்தில் சடுகுடு ஆடும்போது, "நீ செத்துட்டே, வெளியே போ!" என்று ஒருத்தி கத்துவாள். சற்று நேரத்தில் அவளே, "உனக்கு உயிர் வந்துடுச்சு, உள்ளே வா!" என்று அழைப்பாள். தோற்றவரை ஒவ்வொரு விளையாட்டும் எவ்வாறு நடத்துகிறது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

சடுகுடுவில் மூன்று முறைகள் உண்டு. 'சஞ்சீவினி' முறையில், எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் அணியில் ஒருவர் உயிர் பெறுவார். 'காமினி' முறையில், வெளியேறியவர் ஓர் அணி முழுவதும் வெளியேறும்வரை வெளியிலேயே இருக்க வேண்டும். 'அமர்' முறையில் எவரும் வெளியேறுவதில்லை. எதிரணிக்குப் புள்ளி மட்டும் சேரும். இன்றைய கபடி சஞ்சீவினி வழியில் செல்கிறது. வெளியே உட்கார்ந்தவள் தன் திறமையால் திரும்புவதில்லை. உள்ளே நிற்கும் தோழியரின் மூச்சும் பிடியுமே அவளைத் திருப்புகின்றன.

வைகுண்ட ஏகாதசி இரவில் பலர் ஆடும் பரமபதத்திலோ பாம்பு கடித்தாலும் உயிர் போவதில்லை. காய் கீழே இறங்கும், ஆட்டம் தொடரும்.

கணினி விளையாட்டுகளிலும் இவ்வேறுபாடுகளைக் காணலாம். 1980-இல் ஜப்பானில் வெளிவந்த 'பேக்-மேன்' காசு போட்டு ஆடும் இயந்திர விளையாட்டு. வழக்கமாக மூன்று உயிர்கள். அவை தீர்ந்தால் மீண்டும் காசு போட வேண்டும். ஆடுபவர் விரைவில் தோற்பதே இயந்திரக்காரருக்கு இலாபம்!

2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' வேறு வகை. நாம் இறந்த இடத்தில் நாம் ஈட்டியவை கிடக்கும். அங்கே திரும்பிச் சென்றால் எடுத்துக்கொள்ளலாம். வழியில் மறுபடி இறந்தால் அவை போயின. தவறிய இடத்தையே மீண்டும் எதிர்கொள்ளச் செய்கிறது இவ்விளையாட்டு. 2020-இல் வந்த 'ஹேடிஸ்' விளையாட்டில், பாதாள உலகிலிருந்து தப்ப முயலும் இளவரசன் இறக்குந்தோறும் வீடு திரும்புகிறான். வீட்டார் அவனிடம் புதிய செய்திகள் பேசுகின்றனர். தோல்வியாலும் கதை வளர்கிறது.

நமக்கு நெருக்கமானது, கனடாவின் டொராண்டோ நகரில் உருவாகி 2023-இல் வெளிவந்த 'வெண்பா'. 1980-களில் அந்நாட்டில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையல் குறிப்பேடு சிதைந்திருக்கிறது; விடுபட்டதை ஊகித்து இட்லி முதலியன செய்ய வேண்டும். பிழை செய்தால் எவரும் சாவதில்லை. மறுபடி செய்து பார்க்கலாம். 2024-இல் இதற்குச் சிறந்த முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது.

இவற்றால் அறிவது யாது? தோல்வி நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவைக்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல விளையாட்டு இடத்தைப் பறித்தாலும், கற்றதைப் பறிப்பதில்லை.

தோழியரே, விளையாட்டில் உயிர்கள் பல, மெய்வாழ்வில் ஒன்றே. ஆனால் தேர்வில் தவறுவது சாவன்று. பரமபதத்தின் பாம்பு போன்றதே. பொதுத்தேர்வில் தவறியவருக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. எனினும் நம் கிராமங்களில், ஒரு பாடத்தில் தவறிய பெண்ணைப் படிப்பையே நிறுத்தி வீட்டில் உட்கார வைப்பவர் இன்றும் உளர். அவளுக்கு மட்டும் 'காமினி' முறை ஏன்? நம் வகுப்பில் அப்படி ஒருத்தி வெளியே உட்கார்ந்திருந்தால், புத்தகத்துடன் அவள் வீட்டுக்குச் செல்வோம். அவள் மீண்டும் உள்ளே வர, உள்ளே நிற்கும் நாமே மூச்சுப் பிடித்துப் பாட வேண்டும்.