முதல் நாள் குழுவோடு சைக்கிளில்



இந்த மாதப் பாடத்தில் சேமிப்பு, கடன், கணக்கு எதுவும் இல்லை. சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறோம். பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சைக்கிள் கிளப் என்று பத்து, இருபது பேர் சேர்ந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். "அதுல நம்மள மாதிரி பொம்பளைங்க சேரலாமா மேடம்? நம்மகிட்ட இருக்கறது சாதா சைக்கிள்தானே?" என்று ஒரு பகுதிக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் கூட்டம் முடிந்ததும் சிரித்தவர்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து அதே கேள்வியைக் கேட்டார்கள்!

சேரலாம். சேருவதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும், முதல் நாள் எப்படிப் போக வேண்டும், புதிதாக வருகிறவரைக் குழு எப்படி நடத்த வேண்டும் என்பதுதான் இந்தப் பாடம்.

சைக்கிள் எதற்கு?

நம் உறுப்பினர்களில் பலர் பள்ளிக்கூட நாளில் சைக்கிள் ஓட்டியவர்கள். குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டவர்களும் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டார்கள். மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள், மகள் படிப்பை முடித்ததும் திண்ணை ஓரமாகத் துருப்பிடித்து நிற்கிறது. வங்கிக்குப் போக வேண்டும் என்றால் மகனோ கணவரோ வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். அவர்களுக்கு நேரம் இல்லை என்றால் வேலை நாளைக்குத் தள்ளிப்போகும்.

"அதான் பஸ் இலவசமாச்சே" என்று சொல்லலாம். 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் பஸ் வராத தெருவும் இருக்கிறது, பஸ் வராத நேரமும் இருக்கிறது. ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம் எல்லாம் பெரும்பாலும் நடந்தால் தூரம், பஸ்ஸுக்குக் கிட்டம். அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு சைக்கிளை விட்டால் வேறு நல்ல வழி இல்லை.

விட்டுப்போன பழக்கத்தைத் தனியாகத் தொடங்குவது கஷ்டம். விழுந்தால் யார் தூக்குவார்கள், யாராவது கிண்டல் செய்தால் என்ன செய்வது என்ற பயம் இருக்கும். கூட்டத்தோடு போனால் அந்த பயம் பாதியாகிவிடும். இதை நம் மாநிலத்தில் ஒரு மாவட்டமே செய்து காட்டியிருக்கிறது.

புதுக்கோட்டையில் நடந்தது

1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்து கற்றுக்கொள்ள வந்த பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். எழுத்தோடு சைக்கிள் எதற்கு? ஒரு பெண் கடிதம் படிக்கக் கற்றுக்கொண்டாலும், பக்கத்து ஊருக்குப் போக இன்னொருவர் கையை எதிர்பார்த்து நின்றால் அந்தப் படிப்பு பாதிதான் பயன்படும் என்று நினைத்தார்கள்.

விவசாயக் கூலிப் பெண்கள், கல் குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராம செவிலியர்கள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். ஒன்றரை வருடத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமப்புறப் பெண்கள் சைக்கிள் பழகிவிட்டார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் பார்த்து எழுதினார்.

அந்தக் காலத்தில் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது. பெண்கள் தயங்காமல் ஆண்கள் ஓட்டும் பார் வைத்த சைக்கிளை எடுத்தார்கள். அந்தப் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதிலும் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார்கள். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது.

முதலில் ஓட்டிய பெண்கள் கேட்ட வசவு கொஞ்சநஞ்சமல்ல. நடத்தையைப் பற்றியே பேசினார்கள். ஒருத்தி தனியாகப் போனால் ஊர் பேசியது. தெருவில் பாதிப் பேர் போக ஆரம்பித்ததும் யாரைப் பேசுவது? இன்று ஒரு குழுவோடு சேர்ந்து போவதன் பலமும் இதுதான்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கிளப் என்றதும் தயங்க வேண்டாம். அதை நடத்துபவர் யார் என்று விசாரித்து, நேரிலோ போனிலோ கேளுங்கள்.

1. மொத்தம் எத்தனை கிலோமீட்டர்? பள்ளிக்கூடத்துக்குப் பிறகு இப்போதுதான் ஓட்டுகிறீர்கள் என்றால் போக வர எட்டு முதல் பத்து கிலோமீட்டர் போதும்.

2. எவ்வளவு வேகம்? சாதா சைக்கிளில் நாம் நிதானமாக மிதித்தால் மணிக்கு பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர் போவோம். கியர் சைக்கிளில் பழகியவர்கள் இருபதுக்கு மேல் போவார்கள். புதியவர்களுக்கு என்று தனியாக ஒரு நாள் வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

3. கடைசியில் வருகிறவரோடு யார் வருவார்கள்? இதுதான் முக்கியமான கேள்வி. "யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம், கடைசியா ஒருத்தர் வருவார்" என்று சொன்னால் நல்ல குழு. "முடியலன்னா நீங்க திரும்பிடுங்க" என்று சொன்னால் அந்தக் குழு உங்களுக்கு இப்போது வேண்டாம்.

4. வேறு பெண்கள் வருகிறார்களா? இல்லை என்றால் நீங்கள் இரண்டு பேராகச் சேருங்கள்.

5. எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடியும், எந்த வழியாகப் போகும்? இதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முந்தின நாள் சாயங்காலம்

காற்று, பிரேக், செயின் மூன்றையும் பாருங்கள். டயரைக் கட்டை விரலால் அழுத்தினால் ரொம்ப அமுங்கக் கூடாது. காற்று குறைவாக இருந்தால் மிதிப்பது இரண்டு மடங்கு பாரம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால் பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். செயினுக்கு எண்ணெய் விட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

சீட் உயரம் பலருக்குத் தவறாக இருக்கும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான உயரம். ரொம்பத் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் மட்டும் கால் தரையில் ஊன்றும்படி கொஞ்சம் தாழ்த்தி வைத்து, பழகியதும் உயர்த்திக்கொள்ளலாம்.

சுடிதார் என்றால் துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள். புடவை என்றால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகி, கொசுவம் செயின் பக்கம் போகாமல் பாருங்கள். செயின் கார்டு இல்லாத சைக்கிளில் புடவையோடு போக வேண்டாம். ஹெல்மெட் இருந்தால் போடுங்கள். விடியற்காலை என்றால் பின்னால் சிவப்பு விளக்கோ ரிப்ளெக்டரோ கட்டாயம் வேண்டும்.

வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். ஒரு வாழைப்பழம் போதும். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, கையில் இனிப்பு ஏதாவது வைத்துக்கொண்டு போக வேண்டும்.

சாலையில்

தனியாக ஓட்டத் தெரிந்தவர்களும் குழுவில் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை சில உண்டு.

குழுவில் விழுவதற்கு அதிகக் காரணம் லாரியோ பஸ்ஸோ அல்ல. உங்கள் முன் சக்கரம் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஏறி நிற்பதுதான். அவர் பள்ளத்துக்காகக் கொஞ்சம் விலகினால் இரண்டு சக்கரமும் உரசும். பின்னால் இருப்பவர்தான் விழுவார். அதனால் முன்னவருக்கு நேர் பின்னால், புதியவர்கள் குறைந்தது இரண்டு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டுப் போங்கள். முன் சக்கரத்தையே பார்க்காமல் தூரத்தில் சாலையைப் பாருங்கள்.

இடது ஓரமாக ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பேச ஆசையாகத்தான் இருக்கும், நிற்கும் இடத்தில் பேசிக்கொள்ளலாம். பள்ளம் வந்தால் கையால் காட்டி "பள்ளம்!" என்று சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் வண்டி வந்தால் கடைசியில் இருப்பவர் "வண்டி!" என்று சொல்ல, அது ஒவ்வொருவராக முன்னால் போக வேண்டும். திரும்பும் முன் கையைக் காட்டுங்கள். சொல்லாமல் சட்டென்று நிற்காதீர்கள்.

மணல், ஜல்லி, ஈரம், சாலையில் காயவைத்த நெல் ஆகிய இடங்களில் முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் சறுக்கிவிடும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடியுங்கள். தண்டவாளத்தைக் குறுக்காக, நேராகக் கடக்க வேண்டும். சாய்வாகக் கடந்தால் சக்கரம் இடுக்கில் மாட்டும். நின்றிருக்கும் பஸ்ஸுக்கு இடது பக்கம் புகாதீர்கள், ஆள் இறங்குவார்கள். நிற்கும்போது சாலையை விட்டு முழுதாக இறங்கி நில்லுங்கள்.

கடைசி சைக்கிள்

இது பழைய உறுப்பினர்களுக்கு. ஒரு குழு நல்ல குழுவா என்று தெரிந்துகொள்ள முன்னால் போகிறவரைப் பார்க்காதீர்கள், கடைசியில் வருகிறவரைப் பாருங்கள். முதல் நாள் வருகிறவர் ஏற்கெனவே வெட்கத்தோடு வந்திருப்பார். மூச்சு வாங்கும். முன்னால் போனவர்கள் ஒரு புளியமரத்தடியில் நின்று தண்ணீர் குடித்து இளைப்பாறி, இவர் வந்து சேர்ந்த உடனே "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். இளைப்பாற வேண்டியவருக்கு இளைப்பாற நேரமே கிடைக்காது. அடுத்த வாரம் "வீட்டுல வேலை இருக்கு" என்று சொல்லிவிடுவார். வேலை காரணமல்ல என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

அதனால் மூன்று விதிகள். கடைசியில் வருகிறவர் வேகம்தான் குழுவின் வேகம். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் கடைசி வரை பின்னாலேயே வர வேண்டும், பஞ்சர் சாமான் அவர் கையில்தான் இருக்க வேண்டும். கடைசி ஆள் வந்து தண்ணீர் குடித்து, "போகலாம்" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் கிளம்ப வேண்டும்.

தவணை கட்ட ஒரு மாதம் முடியாதவரைக் குழுவை விட்டு அனுப்பிவிடுகிறோமா? வீட்டுக்குப் போய் என்ன விஷயம் என்று கேட்கிறோம். சாலையிலும் அதே வழக்கம்தான்.

வீட்டில் வரும் பேச்சு

"இந்த வயசுல சைக்கிளா?" என்பார்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் அசையும் வேலை செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நிதானமாக சைக்கிள் மிதிப்பதும் அந்தக் கணக்கில் சேரும். "கர்ப்பப்பை இறங்கிடும்" என்று சில மாமியார்கள் பயப்படுவார்கள். ஆரோக்கியமாக இருக்கும் பெண்ணுக்கு சாதாரணமாக சைக்கிள் ஓட்டுவதால் அப்படி நடப்பதில்லை. ஏற்கெனவே அடி இறக்கம் இருப்பவர்கள், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஓட்ட வேண்டும்.

"காலையில சமையல் யார் செய்யறது?" என்ற கேள்விக்கு பதில் அந்தந்த வீட்டில்தான் பேசி முடிக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒன்றரை மணி நேரம். கேட்டுப் பாருங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு

1. நம் குழுவில் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? இப்போதும் ஓட்டுகிறவர்கள் எத்தனை பேர்? நடுவில் விட்டதற்குக் காரணம் என்ன?

2. யார் வீட்டில் சைக்கிள் சும்மா நிற்கிறது? சரிசெய்ய எவ்வளவு ஆகும்? குழுவின் உள்கடனில் கொடுக்க முடியுமா?

3. நம் குழுவில் கடைசி சைக்கிளாக வருகிறவர் யார்? அவருக்காக நாம் எங்கே நிற்கிறோம்?

செய்து பார்க்க

உங்கள் ஊரில் கிளப் இல்லை என்றால் ஆறு பேர் போதும். ஊக்குநரும் பிரதிநிதிகளும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணியை முடிவு செய்யுங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். முதல் வாரம் பள்ளிக்கூட மைதானத்திலேயே சுற்றுங்கள். இரண்டாவது வாரம் பக்கத்து ஊர் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புங்கள். யார் முன்னால், யார் கடைசியில் என்பதை வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் வாரம் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது வாரமும் வந்தார்கள் என்று எண்ணுங்கள். வராதவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர் சொன்ன காரணத்தையும், நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்பதையும் எழுதி அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.