துறைமுகம் ஒன்று, சொல் இரண்டு



காட்டுப்பள்ளியில் சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கும் இடத்தை ஆங்கிலத்தில் 'போர்ட்' என்கிறோம். காசிமேட்டில் விசைப்படகுகள் நிற்கும் இடத்தை 'ஃபிஷிங் ஹார்பர்' என்கிறோம். தமிழில் இரண்டும் துறைமுகம்தான். சென்னைத் துறைமுகத்தின் ஆங்கிலப் பெயரில் 'போர்ட்' இருக்கிறது. ஆனால் துறைமுகம் சட்டமன்றத் தொகுதியின் ஆங்கிலப் பெயர் 'ஹார்பர்'. ராயபுரத்தில் ஒருவர், "எங்க அப்பா ஹார்பர்ல வேலை பார்த்தார்" என்றால், போர்ட் டிரஸ்டில் வேலை பார்த்தார் என்றே எல்லாரும் புரிந்துகொள்வார்கள். பள்ளிப் பிள்ளைகள் வித்தியாசம் கேட்டால், "இரண்டும் ஒன்றுதான்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். இரண்டும் ஒன்றல்ல. இந்த இதழில் அதைச் சற்றே ஆராய்வோம்.

தண்ணீரும் தொழிலும்

ஹார்பர் என்பது தண்ணீரைக் குறித்த சொல். நிலமோ, மலையோ, மனிதர் கட்டிய அலைத்தடுப்புச் சுவரோ சூழ்ந்து காப்பதால், அலை அடங்கிக் கலங்கள் பயமின்றித் தங்கக்கூடிய இடம் அது. போர்ட் என்பது தொழிலைக் குறித்த சொல். சரக்கு ஏற்றவும் இறக்கவும், சுங்கம் கட்டவும், ஆட்கள் வந்துபோகவும் ஏற்பட்ட இடம் அது. ஆகவேதான் விமானம் வந்துபோகும் இடத்தை 'ஏர்போர்ட்' என்கிறோம். 'ஏர்ஹார்பர்' என்று சொல்வதில்லை. கடலே இல்லாத ஊரில் கன்டெய்னர்களைக் கையாளும் இடத்துக்கும் 'டிரை போர்ட்' என்று பெயர் உண்டு.

இலங்கையில் இவ்வித்தியாசத்தைத் தெளிவாகக் காணலாம். திருகோணமலை, உலகின் மிகச் சிறந்த இயற்கை ஹார்பர்களில் ஒன்று. ஆனால் நாட்டின் பெரிய போர்ட் கொழும்பு. அங்கே இயற்கை தந்த பாதுகாப்பு போதாமல் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்ட வேண்டியிருந்தது.

சென்னை கற்ற பாடம்

நமது சென்னையோ இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஹார்பர் இல்லாத போர்ட்டாகவே இருந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கே இடம் கிடைத்தது. அன்று முதல் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில், நம் கரையோர மக்களே அலையைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தார்கள். வியாபாரம் நடந்தது, அடைக்கலம் இல்லை. 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படை, அடுத்த மாதமே இக்கரையில் புயலில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது.

1861-இல் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்று வந்தது. ஏறி இறங்க அது உதவியது. ஆனால் அலையைத் தடுக்கவில்லை. பின்னர் 1870-களில் அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். 1881 நவம்பரில் வீசிய புயல் அவற்றை உடைத்தது. மீண்டும் கட்டினார்கள்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. நம் கரையில் கடல்மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. சுவர் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையை அரித்தது. இன்று சென்னைக்கு வடக்கே 2001-இல் வந்த எண்ணூர் காமராஜர் துறைமுகமும், 2013-இல் செயல்படத் தொடங்கிய காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவக் குடும்பங்கள் இதற்காகத் தங்கள் பழைய இடத்தை விட்டு நகர்ந்தன.

ஃபைபர் படகு வைத்திருக்கிறவருக்கு ஹார்பர் எது? வலையைக் காயவைத்து, படகை இழுத்து ஏற்றி வைக்கும் மணல் மேடுதான். கப்பலுக்கு நாம் கட்டும் அடைக்கலம் அயலானுடைய அடைக்கலத்தைக் கரைத்துவிடலாகாது. இப்பகுதியில் எந்தக் கட்டுமானத்தைப் பற்றிப் பேசும்போதும் இதைக் கேட்டாக வேண்டும்.

புயல் நாளில்

இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரம் புயல் கூண்டு ஏற்றும் நாளில் நன்றாக விளங்கும். புயல் நெருங்கும்போது சென்னைத் துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். உள்ளே கட்டியிருந்தால் கப்பல் தளத்தில் மோதிக் கப்பலும் சேதமாகும், தளமும் சேதமாகும். 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலின்போது, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதீபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பல் காற்றில் இழுபட்டு, பெசன்ட் நகர்க் கரையில் தரைதட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் மாண்டுபோனார்கள்.

அதே நாளில் மீன்பிடிப் படகுகளுக்கு வரும் செய்தி வேறு: "கடலுக்குப் போகாதே, போயிருந்தால் உடனே உள்ளே வா." கப்பலை வெளியே அனுப்புவது அதன் நன்மைக்கே என்பது உண்மை. ஆனாலும் புயல் அடிக்கும்போது போர்ட் தன் வேலையை நிறுத்திக் கதவை அடைக்கிறது. ஹார்பருக்கோ அப்பொழுதுதான் வேலை தொடங்குகிறது.

பழைய பொருள்

சொற்களின் வேரைப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. போர்ட், லத்தீனிலிருந்து வந்தது. வாசலைக் குறிக்கும் சொல்லுக்கு உறவானது. ஹார்பர் பழைய ஜெர்மானியச் சொல். படை தங்கும் இடம் என்பது அதன் முதற்பொருள். பிற்பாடு வழிப்போக்கர் தங்கும் எந்த இடத்துக்கும் அது பெயராயிற்று. பிரெஞ்சு மொழியில் சத்திரத்தைக் குறிக்கும் 'ஓபேர்ஜ்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். முதலில் மனிதருக்கு, பிறகுதான் கப்பலுக்கு.

1526-இல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்லியம் டின்டேல், மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் அந்நியனைக் குறிக்க, 'ஹார்பர் இல்லாதவன்' என்னும் பொருளுள்ள சொல்லையே பயன்படுத்தினார்.

வினைச்சொல்லாக ஆளும்போது அது ஒருவரை வைத்துக் காப்பதைக் குறிக்கும். குற்றவாளியை ஒளித்து வைப்பதையும், மனதில் பகையை வைத்து வளர்ப்பதையும் அதே சொல்லால் சொல்வார்கள். 2024 ஜூன் வரை நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டம் இச்சொல்லுக்கு விளக்கம் தரும்போது தங்குமிடம், உணவு, பானம், பணம், உடை, வாகனம் என்று வரிசைப்படுத்தியது. தப்பியோடும் குற்றவாளிக்குத் தரக்கூடாதவை என்று சட்டம் எழுதிய பட்டியல் அது. அதில் பாதியை, எளியவருக்குத் தரவேண்டியவை என்று நம் ஆண்டவர் மத்தேயு 25-இல் எண்ணிக் காட்டியிருப்பதைக் காண்கிறோம்.

மெலித்தா தீவில்

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை இப்பொழுது வாசித்துப் பாருங்கள். பவுல் கைதியாகச் சென்ற கப்பல், 'நல்ல துறைமுகம்' என்று பெயர்பெற்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. பெயர் நல்லதுதான், ஆனால் மழைகாலத்தைக் கழிக்க அது வசதியாயில்லை. பவுலின் எச்சரிப்பைத் தள்ளி, பெரும்பாலோர் இன்னும் வசதியான துறைமுகத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். கடுங்காற்றில் அகப்பட்டு, தேடிய துறைமுகத்தையும் காணாமல், கப்பலையும் இழந்தார்கள். 276 பேரும் நீந்தியும் பலகைகளைப் பற்றியும் மெலித்தா தீவில் கரையேறினார்கள்.

அவர்கள் ஒதுங்கிய கரையில் போர்ட்டும் இல்லை, ஹார்பரும் இல்லை. ஆனால் மழைக்கும் குளிருக்கும் நடுவே அத்தீவார் நெருப்பு மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். புபிலியு என்பவர் தம் வீட்டில் மூன்று நாள் தங்கவைத்து உபசரித்தார். காய்ச்சலும் இரத்தபேதியுமாய்க் கிடந்த அவருடைய தகப்பனுக்காகப் பவுல் ஜெபித்தார், அவர் குணமானார். பின்பு தீவிலிருந்த மற்ற வியாதிக்காரரும் வந்தார்கள். முதலில் தங்க இடம். அதன் பின் சுகம். மருத்துவ ஊழியத்தின் ஒழுங்கு இங்கேயே எழுதப்பட்டிருக்கிறது.

நமக்கு

மருத்துவமனைக்குப் போர்ட்டின் ஒழுங்கு வேண்டும். சீட்டு, பதிவேடு, கட்டணம், முறை ஆகியவை இல்லாவிட்டால் குழப்பமே மிஞ்சும். ஆனால் அது மட்டும் போதாது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அம்மோனியா வாயு கசிந்தபோது, மக்கள் உறக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலரை மருத்துவமனைகளில் சேர்த்தார்கள். அப்படி வருகிறவரின் கையில் சீட்டு இராது, பணம் இராது. "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்கிற இடம் அவருக்குப் பயன்படாது. "உள்ளே வா" என்று சொல்லுகிற இடம் வேண்டும்.

அன்பானவர்களே, அலைத்தடுப்புச் சுவரின் கற்களில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. மேலே தெரிகிறது கொஞ்சமே. நீங்கள் மாதந்தோறும் அனுப்புகிற காணிக்கையும் அப்படிப்பட்டதே. உள்ளே தங்கியிருக்கிறவருக்கு அந்தக் கல்லின் பெயர் தெரியாது. ஆனால் அலை அடங்கியிருக்கிறது என்பது தெரியும்.

சிந்தனைக்கு:

1. நம் வீடும் நம் சபையும் போர்ட்டாக இருக்கின்றனவா, ஹார்பராக இருக்கின்றனவா?

2. நமக்கு நாம் கட்டிய பாதுகாப்பினால் அயலாருடைய கரை எங்கேயாவது அரிக்கப்படுகிறதா?

3. நம் உள்ளத்தில் எதற்குத் தங்க இடம் கொடுத்திருக்கிறோம்: அந்நியனுக்கா, பழைய பகைக்கா?