ஏர் ஹோர்ன் பூட்டப் பழகும் தம்பிமாருக்கு

ஹட்டன், தலவாக்கலை பக்கம் வாகன வயரிங் பழக வருகிற பையன்களுக்கு ஏர் ஹோர்ன் வேலை என்றால் உயிர். பூட்டியதும் சத்தம் கேட்கும், வண்டிக்காரரும் சிரித்துக்கொண்டே காசு கொடுப்பார். மழைக்காலம் பிறந்ததும் அதே வண்டி ஊமையாகித் திரும்பி வரும். அப்படி வராமலிருக்கத்தான் இதைச் சொல்கிறேன்.

1. பஸ்ஸைப் பார்த்துக் காருக்குக் கணக்குப் போடாதே. பெரிய பஸ்ஸில் பிரேக்குக்கென்று காற்றுத் தாங்கி இருக்கிறது, ஹோர்ன் அதிலிருந்தே காற்று எடுத்துக்கொள்ளும். ஆல்டோவிலும் டொல்பின் வானிலும் அது கிடையாது. பொத்தானை அமத்தும்போது சின்னக் கம்பிரசர் சுற்றினால்தான் காற்று. வண்டியோடு வந்த ஹோர்ன் ஒன்று நாலைந்து அம்பியரில் வேலை செய்யும். இந்தக் கம்பிரசர் 15 முதல் 20 அம்பியர் வரை இழுக்கும்.

2. அதனால் பழைய ஹோர்ன் வயரை வெட்டிக் கம்பிரசரில் முறுக்காதே. பியூஸ் போகும். போகட்டும், அது போகத்தான் இருக்கிறது. போன இடத்தில் 30 அம்பியர் பியூஸைச் சொருகுகிறவனும், சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவிடுகிறவனும்தான் வண்டியை எரிக்கிறவர்கள். பியூஸ் காப்பாற்றுவது வயரை; வயர் மெலிதாக இருக்கும்போது பியூஸைப் பெரிதாக்கினால் வயரே பியூஸாகிவிடும்.

3. ரிலே இல்லாமல் வேலையைத் தொடாதே. ரிலேயின் அடியில் இலக்கங்கள் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்து வாசி. பெட்ரியின் பிளஸ்ஸிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு. 87இலிருந்து கம்பிரசருக்கு. 85, 86 இரண்டும் உள்ளே இருக்கும் சுருளுக்கு. ஸ்டியரிங் பொத்தானின் வேலை அந்தச் சுருளை எழுப்புவதோடு முடிகிறது. பியூஸைப் பெட்ரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வை. பாரம் இழுக்கும் வயர் 2.5 சதுர மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, வானின் பின்பக்கம் வரை இழுப்பதென்றால் 4. ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று ஒன்று நிற்கும். அதில் கம்பிரசரைக் கொடுத்தாயோ, பியூஸைப் போட்ட கணமே ஹோர்ன் அலறும், பொத்தானை அமத்தினால்தான் வாய் மூடும். டவுனே திரும்பிப் பார்க்கும்.

4. பொத்தான் பிளஸ் தருகிறதா எர்த் தருகிறதா என்று பார்க்காமல் சுருளை இணைக்காதே. டெஸ்ட் லாம்பின் கிளிப்பைப் பெட்ரி மைனஸில் மாட்டு. பழைய ஹோர்னைக் கழற்றாமலே அதன் வயரைத் தொடு. பொத்தானை அமத்தும்போது மட்டும் எரிந்தால் பிளஸ் வருகிறது. அதை 86க்குக் கொடுத்து 85ஐ பொடியில் எர்த் பண்ணு. சும்மா இருக்கும்போது எரிந்து, அமத்தினால் அணைந்தால் பொத்தான் எர்த் பக்கம் இருக்கிறது. அப்போது 86க்கு பியூஸோடு பிளஸ், 85க்கு அந்த வயர். ஜப்பான் வண்டிகளில் இந்த இரண்டாவது வகை நிறைய வரும். வயர் நிறத்தை நம்பி வேலை செய்யாதே. உனக்கு முன்னால் அந்த வண்டியில் எத்தனை பேர் கை வைத்தார்களோ!

5. எர்த். வருகிற முறைப்பாடுகளில் பாதி இதுதான். பெயின்ட்டின் மேல் போல்ட்டை இறுக்கிவிட்டு எர்த் என்று சொல்லாதே. அரத்தால் தேய்த்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்த பிறகு லக்கை வைத்து இறுக்கு, மேலே கிரீஸ் பூசு. நம் ஊர் ஈரத்தில் தேய்த்த இடம் சும்மா விட்டால் சீக்கிரமே சிவந்துவிடும். இன்சுலேஷன் டேப்பையும் நம்பாதே. எஞ்சின் சூட்டிலும் மழையிலும் பசை இளகி, நுனி கழன்று தொங்கும். உள்ளே செம்பு பச்சை பூத்திருக்கும். லக்கை அடித்து, சூட்டுக்குச் சுருங்கும் குழாயைப் போடு.

6. கம்பிரசரை நட்டுக்குத்தாக, காற்று வெளியேறும் வாய் மேலே பார்க்கப் பூட்டு. குழல்கள் முன்னால் பார்த்துச் சற்றுக் கீழே சரிந்திருக்கட்டும். மேலே பார்த்தால் கினிகத்தேனை மழை முழுவதும் அதற்குள்தான். ரப்பர் குழாயைக் கையளவு நீளத்தில் முடி; நீண்டால் அமத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சத்தம் வரும். ரதெல்லை முடக்கில் மிஸ்ட் இறங்கியிருக்கும்போது அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் எதிர்வண்டி வந்துவிடும்.

7. ரதெல்லை என்றதும் ஒன்று. 2023 ஜனவரியில் அங்குள்ள குறுக்கு வீதியில் பஸ், வான், ஓட்டோ மூன்றும் மோதி ஏழு பேர் செத்தார்கள். ஹோர்ன் வண்டியை நிறுத்தாது. ஏர் ஹோர்ன் கேட்டு வருகிறவரின் பிரேக் பெடல் தரை வரை போகிறதா என்று மிதித்துப் பார். போனால் முதலில் அந்த வேலைக்கு அனுப்பு. கோபித்துக்கொண்டு வேறு கராஜுக்குப் போனாலும் பரவாயில்லை.

8. வண்டியோடு வந்த ஹோர்னைக் கழற்றி வீசாதே. ரிலேயின் சுருள் வயரில் சின்னச் சுவிட்ச் ஒன்று வை. டவுனிலும் டிக்கோயா ஆஸ்பத்திரிப் பக்கமும் அதை நிறுத்தி வைக்கலாம். பல மெட்டு இசைக்கிறவற்றைப் பூட்டவே பூட்டாதே. ஹோர்ன் சத்தத்துக்கென்றே 2011இல் ஒழுங்குவிதி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ என்று பொலிஸார் இறங்கியபோது பஸ்களிலும் ஓட்டோக்களிலும் இப்படிப் பூட்டியவற்றைக் கழற்ற வைத்தார்கள். தண்டம் கட்டுகிறவர் டிரைவர்தான், ஆனால் உன் பெயரைத்தான் சொல்வார்.

9. சாவியைக் கொடுக்குமுன் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, ஹெட்லைட், வைப்பர் எல்லாம் போட்டு ஹோர்னை அமத்து. நுவரெலியாவில் தை மாசி உறைபனியில் பெட்ரி சோர்ந்திருக்கும் விடியற்காலையில் அது எப்படிக் கத்தும் என்று ஓரளவு இதில் தெரிந்துவிடும். சத்தம் முனகலாக வந்தால் வயரையும் எர்த்தையும் மறுபடி பார். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அமத்தாதே, அந்த மோட்டர் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்ததல்ல. பிறகு பியூஸ் கூட்டை விரலால் தொட்டுப் பார். சுட்டால் கிளிப் இளக்கமாக இருக்கிறது, கழற்றி மறுபடி அடி.