ஸ்விட்ச் எந்த நிலையில் நிற்கிறது?

கேள்வி: சிஸ்கோ ஸ்விட்சில் 'ஷோ' கட்டளை ஒரு சமயம் வேலை செய்கிறது, மறு சமயம் பிழை காட்டுகிறது. ஏன்?

பதில்: கட்டளை சரிதான், நீங்கள் நிற்கும் நிலைதான் வேறு. திரையில் ஸ்விட்சின் பெயருக்குப் பின்னால் வரும் குறியை முதலில் பாருங்கள். '>' இருந்தால் சாதாரணப் பயனர் நிலை. அங்கே சிலவற்றைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. 'எனேபிள்' கொடுத்தால் '#' வரும். எல்லா ஷோ கட்டளைகளும் அங்கே கிடைக்கும். 'கான்ஃபிகர் டெர்மினல்' கொடுத்ததும் '#'க்கு முன் அடைப்புக்குறிக்குள் 'கான்ஃபிக்' தோன்றும். அது அமைப்புகளை மாற்றும் இடம். ஒரு குறிப்பிட்ட போர்ட்டுக்குள் போனால் அதுவே 'கான்ஃபிக்-இஃப்' ஆகிவிடும்.

உங்களுக்குப் பிழை வந்தது அநேகமாக இந்தக் கான்ஃபிக் நிலைகளில்தான். வெளியே வரத் தேவையில்லை; முன்னால் 'டூ' சேர்த்து 'டூ ஷோ விலான்' என்று கொடுங்கள், விடை வந்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லித்தர வேண்டும் என்பேன்.

'எக்ஸிட்' ஒரு படி பின்னே கொண்டுவரும். 'எண்ட்' கொடுத்தால் எந்தக் கான்ஃபிக் நிலையிலிருந்தும் நேராக '#'. ஆனால் '#'இல் நின்றுகொண்டு 'எக்ஸிட்' அடித்தால் இணைப்பே முடிந்துவிடும். '>'க்குத் திரும்ப 'டிஸேபிள்' வேண்டும். ஐயம் வந்தால் கேள்விக்குறியை அடியுங்கள், அந்த நிலையில் செல்லும் கட்டளைகளை ஸ்விட்சே பட்டியலிடும்.

இன்னொன்று: செய்த மாற்றம் உடனே அமலாகும், ஆனால் தானாகச் சேமிக்கப்படாது. '#'க்கு வந்து 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்' கொடுக்காவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் பழைய அமைப்புதான் இருக்கும்.