இரண்டு நாளில் அறிவு வருமா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த நோட்டீஸும் கிடைத்தன. ‘மிட்பிரைன் ஆக்டிவேஷன்’, இரண்டு நாள் வகுப்பு. முடிந்ததும் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் வாசிப்பான், படிப்பில் முதலாவதாக வருவான் என்று அச்சடித்திருக்கிறார்கள். நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டி வாசிக்கிற மகனுக்காகத் தோட்டை அடகு வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். வைக்காதீர்கள்.

மிட்பிரைன் என்கிற நடுமூளை, மூளைத்தண்டின் உச்சியில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதி. கண் அசைவதிலும், சத்தம் வந்த பக்கம் தலை திரும்புவதிலும், நாம் விழித்திருப்பதிலும் அதற்குப் பங்குண்டு. உங்கள் மகன் காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டால் அது வேலை செய்கிறது என்று பொருள். அதை யாரும் காசு வாங்கிக்கொண்டு தூண்டிவிட வேண்டியதில்லை.

பிறகு கண்ணைக் கட்டிய பிள்ளைகள் எப்படி வாசிக்கிறார்கள்? துணியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் மூக்கின் இரு பக்கமும் ஓர் இடுக்கு இருக்கும். பிள்ளை முகத்தை லேசாகத் தூக்கி, அட்டையை மூக்குக்குக் கீழே கொண்டுவருவதைக் கவனித்துப் பாருங்கள். அதே அட்டையை நெற்றிக்கு மேலே பிடித்தால் ஒரு நிறம்கூடச் சொல்ல வராது. மங்களூர் நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் இந்த வித்தையைப் பல ஆண்டுகளாகவே அம்பலப்படுத்தி வருகிறார்கள். பணம் போவதைவிட எனக்கு வலிப்பது வேறு. தான் இடுக்கு வழியாகப் பார்ப்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பெற்றவர்கள் கண்கலங்கிக் கைதட்டும்போது அவன் எப்படி உண்மையைச் சொல்வான்? பத்து வயதுக்குள் அவனுக்கு அந்தப் பாரத்தை ஏற்றலாமா?

நாம் ஏன் இதை நம்புகிறோம் என்பது எனக்குப் புரிகிறது. அம்பிகை தந்த தாம்பூலத்தால் மடைப்பள்ளி ஆள் ஒருவர் காளமேகப் புலவரானார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெற்றிலைக்கொடிக்கால் சூழ்ந்த சோழவந்தானில் அந்தக் கதைக்குத் தனி ருசி. பக்கத்துத் திருவேடகத்தில்தான், ஞானப்பால் உண்ட சம்பந்தரின் ஏடு வைகையை எதிர்த்து ஏறியது என்கிறோம். இவற்றைக் கையெடுத்துக் கும்பிடுகிறவன்தான் நானும். ஆனால் அருளுக்கு யாரும் கட்டணம் வைக்கவில்லை.

நம் காலத்திலேயே ஒருவருக்குத் திடீரென்று ஒரு திறமை வந்திருக்கிறது. அமெரிக்காவின் டகோமா நகரத்தில் சோபா, மெத்தை விற்றுக்கொண்டிருந்தவர் ஜேசன் பேட்ஜெட். கல்லூரியை முடிக்காதவர், கணக்கென்றால் ஆகாதவர். 2002-இல் வழிப்பறிக்காரர்கள் அடித்ததில் தலையில் பலத்த அடி. அதன்பின் குழாயில் ஒழுகும் தண்ணீர்கூட அவருக்குக் கோடுகளும் கோணங்களுமாகத் தெரிந்தது. அந்த வடிவங்களை ஸ்கேல் வைத்து நுணுக்கமாக வரைந்தார். கூடவே கிருமி பயம் பிடித்துக்கொண்டது. ஓயாமல் கை கழுவினார், வருடக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். கண்ணில் தெரிந்ததற்குக் கணக்கின் மொழி என்ன என்று அறிய, பின்னால் கல்லூரி வகுப்பில் போய் உட்கார்ந்துதான் படித்தார். இப்படி ஆனவர்கள் உலகத்திலேயே மிகச் சிலர். அந்தத் திறமையும் ஓவியம், இசை, கணக்கு என்று ஏதோ ஒரு துறையோடு நின்றுவிடுகிறது.

நம் ஊர் அரசஞ்சண்முகனாரைப் பற்றியும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். 1868-இல் சோழவந்தானில் பிறந்தவர். மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். 1904-இல் அவர் விடுப்பில் போனபோதுதான் அந்த இடத்தில் பாரதியார் சில மாதம் வேலை பார்த்தார். தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தியுரை எழுதிய சண்முகனார், ‘மாலைமாற்று மாலை’யும் பாடினார். மாலைமாற்று என்றால் முதலிலிருந்து படித்தாலும் கடைசியிலிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும் பாட்டு. சம்பந்தரும் அப்படி ஒரு பதிகம் பாடியிருக்கிறார். ‘விகடகவி’ என்ற ஒரு சொல்லைத் திருப்பிப் படித்தே நாம் வியக்கிறோம். சண்முகனார் செய்யுள் செய்யுளாக அப்படிக் கட்டினார். முன்னால் ஓர் எழுத்தை மாற்றினால் பின்னாலும் ஒன்று மாற வேண்டும். அது மாறினால் பொருள் கெடும், யாப்பு உடையும். அழித்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். மின்னல்போல வந்த அறிவு என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்த அறிவு.

இனி உங்கள் மகன். ‘மக்கு’ என்று அவன் காதுபட யாரும் சொல்ல விடாதீர்கள். முதலில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கண்ணைப் பரிசோதியுங்கள். போர்டில் எழுதுவது சரியாகத் தெரியாமலே பின்தங்குகிற பிள்ளைகள் நிறைய. காதையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரி என்றால், அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவில் டிஸ்லெக்சியா இருக்கிறதா என்று கேளுங்கள். எழுத்துகளைப் பிரித்தறிந்து சேர்ப்பதில் வரும் சிக்கல் அது, புத்திக்குறைவு இல்லை. அப்படி இருந்தால், அதற்கென்று தனிப் பயிற்சி முறை இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பலன் தெரியும். மருத்துவர் என்ன சொன்னார் என்று அவசியம் எழுதுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்தே யோசிப்போம்.

அன்புடன்,
சோழவந்தானிலிருந்து உங்கள் சகோதரன்